மூன்றிலிருந்து நான்குக்கு

“எனக்குக் காடி ஓட்டச் சொல்லித் தர்ற ஆளு இன்னும் பொறக்கல. அப்படியே பொறந்திருந்தாலும் அவன் என்கிட்டதான் லைசென்ஸ் எடுத்திருப்பான்.”

கிள்ளான் பண்டமாரானைச் சேர்ந்த கார் ஓட்டுநர் பயிற்றுநர் லியனார்ட் அவர்கள் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது செராஸில், மைத்துனர் ரேமண்ட் வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்தில், பாதி கடித்த கோழிக்காலைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி. மைத்துனர் அப்படியொன்றும் பெரிய குற்றம் செய்துவிடவில்லை. தானாகவே பார்க்கிங் போட்டுக்கொள்ளும் புதுக் காரை வாங்கியிருந்தார். அதைக் காட்டி, “அத்தான், வேணும்னா உங்களுக்கும் இதைச் சொல்லித் தரட்டா?” என்று கேட்டார். அவ்வளவுதான். கேக் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை அந்தரத்தில் நிறுத்தினார். அழுதுகொண்டிருந்த கைக்குழந்தைகூட, இது தன்னைவிடப் பெரிய விஷயம் என்று புரிந்துகொண்டு வாயை மூடியது.

பிரகடனத்துக்குப் பதில் சொல்லும் துணிச்சல் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் லியனார்ட் சாரின் மனைவி பெர்னடெட்.

“பெருமை பேசினது போதும். எல்லார் முன்னாடியும் ஒரு பேச்சு பேசிக்குவோம். உங்க அந்தப் பழைய காடியோட இஞ்சின் ஓடுற வரைக்கும் நீங்க வாத்தியார். அது மூச்சை விட்டா, அன்னைக்கே பையைக் கட்டுறோம். நடாலி வீட்டுக்கு. ரவாங். சரியா?”

“என் கையில இஞ்சின் சாகுமா? சரி. பேச்சு பேச்சுதான்.”

சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. கோழிக்காலின் மீது சத்தியமும் ஆயிற்று.

ரவாங்கில் மகள் நடாலியின் வீடு ஒரு குறையும் இல்லாதது. தோட்டம் உண்டு, மீன் தொட்டி உண்டு, அப்பாவுக்கென்று மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலியும் உண்டு. ஒன்றுதான் இல்லை. அந்த வீட்டில் கார் ஓட்டத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. அப்படியொரு வீட்டில் லியனார்ட் சார் என்ன செய்வார்? மீனுக்கு ரிவர்ஸ் எடுக்கவா சொல்லித் தருவார்?

லியனார்ட் சார் பிறந்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில். ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது என்று சிறுவயதில் கண்டுபிடித்த அன்றே, அப்பாவின் உத்தியோகத்தின் மேல் அவருக்கிருந்த மரியாதை கரைந்துவிட்டது. ஸ்டியரிங் உள்ள தொழிலைத் தேடிக் கிள்ளானுக்கு வந்தார். வந்து, ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில் உட்காரும் தொழிலைப் பிடித்துக்கொண்டார். இந்த முரண்பாட்டை யாரும் அவரிடம் எடுத்துச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு யார் அவரிடம் டெஸ்டுக்குப் போவது?

அவருடைய வெள்ளைக் கார், கியர் மாற்றி ஓட்டும் பழைய சின்னக் கார். பெர்னடெட் அதை ‘உங்க மூத்த தாரம்’ என்றுதான் குறிப்பிடுவார். இடப்பக்க இருக்கைக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். அந்த இருக்கையில் உட்கார்ந்துதான் லியனார்ட் சார் கிள்ளான் மக்களில் கணிசமானோரைச் சாலைக்கு அனுப்பி வைத்தார். சாலையின் இன்றைய நிலைக்கு அவரை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது.

அவருடைய போதனை முழுவதும் இரண்டே சட்டங்களில் அடக்கம். முதல் சட்டம்: “பயம் வந்தா மொதல்ல கிளட்ச். யோசனை அப்புறம்.” இரண்டாவது: “என்னை விட்டுத் தள்ளு.”

இரண்டாவதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. அந்தக் காரில் இரண்டாவது கியரும் நான்காவது கியரும் கீழ் வரிசையில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். இரண்டு இடப்பக்கம், லியனார்ட் சாரின் முழங்காலுக்கு அருகே. நான்கு அதற்கு வலப்பக்கம், ஓட்டுபவருக்கு அருகே. மூன்றிலிருந்து நான்குக்குப் போக வேண்டிய மாணவர்கள் பதற்றத்தில் கியர் கம்பியைக் கோணலாக இழுத்து இரண்டில் கொண்டுபோய்ப் போடுவார்கள். வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டில் விழுந்தால் இஞ்சினுக்கு உயிர்ச் சேதம். எனவே சார் தமது வலது உள்ளங்கையை மாணவரின் கை மேல் வைத்து, தம்மை விட்டு அந்தப் பக்கமாக அமுக்கித் தள்ளுவார். “என்கிட்ட கொண்டுவராத! என்னை விட்டுத் தள்ளு, தள்ளு, ஆங்!” இப்படித் தள்ளித் தள்ளி, மூன்றிலிருந்து நான்குக்குப் போவதென்றால் தன்னை விட்டுத் தள்ளுவது என்று அவர் கை மனப்பாடம் செய்துகொண்டது. மூளையிடம் அது அனுமதி கேட்பதை நிறுத்தி வெகு காலமாயிற்று.

இனி, பிரகடனம் செய்தவர் வெளியில் சொல்லாத ஒரு சிறு விவரம். லியனார்ட் சார் கார் ஓட்டுவதில்லை. காலையில் முதல் மாணவர் வீட்டுக்கே வந்து அவரை ஏற்றிக்கொண்டு கிளம்புவார். மாலையில் கடைசி மாணவர் வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். ரொட்டி வாங்க மோட்டார் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பெர்னடெட் தமது ஆட்டோ கியர் காரில் அழைத்துப் போவார். அப்போதும் சார் இடப்பக்கம்தான். அந்தக் காரில் இடப்பக்கம் பிரேக் கிடையாது. ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் அவர் அதை மிதிப்பார். மிதித்து மிதித்து அந்தப் பக்கத்து மிதியடி ஓட்டையாகி, பெர்னடெட் புதிது வாங்கிப்போட்டு, அதுவும் ஓட்டையாகிவிட்டது.

இந்த நிலையில்தான் லெட்சுமி அக்கா வந்து சேர்ந்தார்.

லெட்சுமி அக்கா பண்டமாரான் பாசார் என்னும் சந்தையில் காலைப் பலகாரக் கடை வைத்திருப்பவர். சொந்தமாக வேன் உண்டு. ஓட்டுவது மருமகன். அங்கேதான் பிரச்சினை.

“அவன் பிரேக் போட்டா சட்னி போய் சாம்பார்ல கலந்துடுது சார். வேன் வாங்கினது நானு, சட்னி அரைச்சது நானு. ரெண்டையும் ஒண்ணாக்குறது அவனா?”

நியாயமான கேள்வி. ஆனால் டெஸ்ட் எடுக்கும் அதிகாரிகள் சட்னியைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. லெட்சுமி அக்கா மூன்று முறை தோற்றிருந்தார். ஒரு தடவை மேட்டில் பின்னுக்குப் போனார். இன்னொரு தடவை சந்திப்பில், எதிரே வந்தவர் தெரிந்தவராக இருந்ததால், இறங்கி விசாரிக்கும் அளவுக்கு நின்றுவிட்டார். மூன்றாவது தடவை நடந்ததைப் பற்றி அவர் பேச மறுக்கிறார். நான்காவது டெஸ்ட் வெள்ளிக்கிழமை.

“உனக்கு சாதாரண வைத்தியம் எல்லாம் வேலைக்கு ஆகாது,” என்றார் சார். “பிரிக்பீல்ட்ஸ் போறோம். அங்க ஒரு ரவுண்டு அடிச்சு உசுரோட வெளிய வந்துட்டா, டெஸ்ட் சும்மா லா.”

“கிள்ளான்ல இருந்து அங்க வரைக்கும் நானா ஓட்டுறது? ஹைவேயிலயா?”

“ஹைவேல எல் போர்டு ஓட்டக் கூடாது. சட்டம்னா சட்டம். போகையில வரையில நான் ஓட்டுறேன். உள்ள நீ ஓட்டு.”

நாடு போற்றும் இந்தச் சட்டப்பற்றுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

புதன்கிழமை காலை லியனார்ட் சார் வலப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். இருக்கை ஏதோ அந்நிய நாடுபோல இருந்தது. கண்ணாடியைத் திருத்தினார், இருக்கையை முன்னே இழுத்தார், பின்னே தள்ளினார், மறுபடியும் முன்னே இழுத்தார். இடப்பக்கத்தில், அவருடைய சிம்மாசனத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு லெட்சுமி அக்கா.

போகும் வழியில் அபாயம் எதுவும் நேரவில்லை. கூட்டரசு நெடுஞ்சாலை வழக்கம்போல் அடைத்துக்கொண்டிருந்தது. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை அவர் இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை. நெரிசலை நாம் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். ஆனால் அது அன்று ஒரு மனிதரின் மானத்தைக் காலை முழுவதும் காப்பாற்றிக் கொடுத்தது.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கை மாறினார்கள். லெட்சுமி அக்கா ஒருவழிச் சாலைகளில் நுழைந்தார். சுற்றுலா பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்றது, காத்திருந்தார். பூக்கடை வாசலில் இரட்டை வரிசையாகக் கார்கள், ஒதுங்கிப் போனார். வெள்ளைக் கோல் பிடித்த ஒருவர் சாலையைக் கடந்தபோது, கார் நின்றதே தெரியாதபடி நிறுத்தினார். சட்னி இருந்திருந்தால் ஒரு சொட்டும் தளும்பியிருக்காது. சார் ஒரு தடவைகூட இடப்பக்க பிரேக்கைத் தொடவில்லை. அவருக்கே அது ஏதோ மாதிரி இருந்தது.

“ஓக்கே. பரவால்ல,” என்றார். அவரிடமிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அது. “ஆனா மூணுல இருந்து நாலுக்கு நீ போறது, மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி தயங்கித் தயங்கிப் போற. திரும்பிப் போகும்போது காட்டுறேன், பாத்துக்க.”

வாழை இலைச் சாப்பாடு முடித்துக்கொண்டு, வயிறும் மனமும் நிறைந்து, மறுபடியும் சார் வலப்பக்கம் உட்கார்ந்தார். இப்போது நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தது. பெட்டாலிங் ஜெயா வரையில் லோரி ஒன்றின் பின்னால் மூன்றாவது கியரிலேயே உருண்டார். பத்து தீகா என்ற ஊர் நெருங்கும்போது லோரி விலகிக்கொண்டது. வழி திறந்தது. சார் எண்ணெய்ப் பெடலை மிதித்தார். கார் மூன்றிலேயே சீறிப் பாய்ந்தது.

“இப்பப் பாரு லெட்சுமி. கையைப் பாரு. பட்டுன்னு போகணும், ஆனா பூ மாதிரி.”

கிளட்சை மிதித்தார். கியரைக் கீழே இழுத்தார். இழுக்கும்போதே, வாழ்நாள் பழக்கப்படி, தன்னை விட்டுத் தள்ளினார்.

ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது வலப்பக்கம். வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் தன்னை விட்டுத் தள்ளினால் கியர் இடப்பக்கம் போகும். இடப்பக்கம் குடியிருப்பது இரண்டு.

கிளட்சிலிருந்து காலை எடுத்தார். பட்டென்று. பூ மாதிரி.

பல் டாக்டர் நாற்காலியில் கட்டிப்போட்ட யானை எப்படிக் கத்துமோ, அப்படிக் கத்தியது இஞ்சின். கார் தலையைக் குனிந்து சாலையை வணங்கியது. சாரின் நெற்றி ஸ்டியரிங்கைத் தொட்டு மீண்டது. அந்த நொடியில் அவர் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று. அதைத்தான் ஊருக்கே உபதேசித்திருந்தார். ஆனால், காரில் தவறு நடந்தால் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பி முறைப்பது அவருடைய முதல் கடமையாக இருந்து பழகிவிட்டது. திரும்பினார். முறைத்தார்.

முறைக்கப்பட்டவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடப்பக்கத்துக் கிளட்சை அடிவரை மிதித்திருந்தார்.

அலறல் நின்றது. கார் தானாக உருண்டு ஓரத்துக்கு வந்தது.

“நான் ஒண்ணும் பண்ணல சார்,” என்றார் லெட்சுமி அக்கா, கண்ணைத் திறக்காமலே.

“கிளட்சை யாரு மிதிச்சா?”

“நான்தான் சார். பயம் வந்துச்சு. பயம் வந்தா மொதல்ல கிளட்ச்னு நீங்கதானே…”

“ம்,” என்றார் லியனார்ட் சார்.

சாவியைத் திருப்பிப் பார்த்தார். இஞ்சின் பிடித்தது. ஆனால் அடியிலிருந்து டங், டங், டங் என்று யாரோ உள்ளே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவது போல ஒரு சத்தம். உடனே அணைத்தார். பக்கத்தில் லோரிகள் பறந்தன. அவர் கண்ணுக்கு முன்னால் ரவாங் தெரிந்தது. தோட்டம் தெரிந்தது. மின்விசிறிக்குக் கீழே அந்த நாற்காலி தெரிந்தது. மீன்கள் தொட்டிக்குள்ளிருந்து அவரைப் பார்த்தன.

தனேஷுக்குப் போன் போட்டார். தனேஷ் பண்டமாரானில் வொர்க்‌ஷாப் வைத்திருப்பவன். சாரின் பழைய மாணவன்.

“சத்தம் எப்படி சார் வருது? டங்கா, டக்கா?”

“டங்.”

“மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க. தொடவே தொடாதீங்க. நான் லோரி எடுத்துட்டு வரேன்.”

லோரி வந்தது. மூத்த தாரம் அதன் முதுகில் ஏறி, கம்பியால் கட்டப்பட்டு, பின்பக்கமாகப் பார்த்தபடி கிள்ளானுக்குக் கிளம்பியது. முன்னால் மூவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“யாரு சார் இந்த வேலை பண்ணது? எந்த ஸ்டூடண்ட்?” என்று தனேஷ் கேட்டான்.

லியனார்ட் சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஷா ஆலம் அவருக்கு அதற்கு முன் அவ்வளவு சுவாரசியமாகத் தோன்றியதில்லை.

“நான்தான் தம்பி,” என்றார் லெட்சுமி அக்கா.

சார் சட்டென்று திரும்பினார். லெட்சுமி அக்கா டெஸ்ட் அதிகாரி பக்கத்தில் இருப்பதுபோல் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன லா அக்கா! மூணுல இருந்து நாலு போறப்ப கையைத் தள்ளணும்லா? சார் சொல்லித் தரலயா? எங்களுக்கெல்லாம் கையைப் புடிச்சு அமுக்குவாரே!”

“சொல்லித் தந்தாரு தம்பி. பாவம், தொண்டை வறளச் சொல்லித் தந்தாரு. என் மண்டையில ஏறல.”

“கியர் கம்பி என்ன, உரலு உலக்கையா? அப்படியா இழுக்கிறது? கையில பூ இருக்கிற மாதிரி நெனைச்சுக்கணும்கா…”

கிள்ளான் வரும்வரை தனேஷ் நிறுத்தவில்லை. உரல் உலக்கை, பூ, மாமியார் வீடு எல்லாம் வந்தது. ஒவ்வொன்றும் லியனார்ட் சாரின் சொந்தச் சரக்கு. வாங்கிக் கட்டிக்கொள்ளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் அவை எப்படி இருக்கும் என்பது அவருக்கு முதன்முறையாகத் தெரியவந்தது. அவ்வளவு நன்றாக இல்லை.

வொர்க்‌ஷாப்பில் தனேஷ் காரை மேலே தூக்கினான். டார்ச் விளக்கோடு அடியில் புகுந்தான். பிறகு இறக்கி, இஞ்சின் மூடியைத் திறந்து, ஸ்பானரை மாட்டி இஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றிப் பார்த்தான்.

“சார், விஷயம் இதுதான். நீங்க போன வேகத்துல ரெண்டுல விழுந்தா, இஞ்சின் டயரைச் சுத்தாது, டயர்தான் இஞ்சினைச் சுத்தும். அது தாங்குற அளவுக்கு மேல சுத்தும். உள்ள வால்வும் பிஸ்டனும் முட்டிக்கிச்சுன்னா கதை முடிஞ்சுது. இந்தக் காடிக்கு வேற இஞ்சின் தேடுறதுக்குப் பதிலா மாலை வாங்கிட்டு வரலாம். பிளக்கைக் கழட்டி, காத்தழுத்தம் பாத்தாதான் தெரியும். டீ குடிங்க, பாத்துட்டு வரேன்.”

பக்கத்து டீக்கடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். தே தாரேக் வந்தது. சார் தொடவில்லை.

“ஏன் அப்படிச் சொன்ன?”

“எது சார்?”

“நீதான்னு.”

லெட்சுமி அக்கா டீயை உறிஞ்சினார். “நான் மூணு தடவ ஃபெயில் சார். என் கணக்குல இன்னொண்ணு விழுந்தா யாருக்குத் தெரியப் போவுது? உங்களுக்கு இது மொதல் தடவ. பளிச்சுன்னு தெரியும்.”

அப்போதுதான் டீக்கடை வாசலில் ஆட்டோ கியர் கார் ஒன்று, அம்புபோல் வந்து, அளவெடுத்ததுபோல் நின்றது. பெர்னடெட். ரவாங்கின் சாவி அவர் கையில்தான் இருந்தது என்று சொல்ல வேண்டும்.

“தனேஷ் போன் பண்ணான். இஞ்சின் போச்சாமே?”

“போகல. பாத்துக்கிட்டு இருக்கான்.”

“யாரு ஓட்டுனா?”

“நான்தான் அக்கா,” என்றார் லெட்சுமி அக்கா, இதற்குள் நன்றாகப் பழகிவிட்ட குரலில்.

பெர்னடெட் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “எங்க நடந்துச்சு?”

“பத்து தீகா கிட்ட. ஹைவேல.”

“ஹைவேல?” பெர்னடெட் கணவரைப் பார்த்தார். “எல் போர்டு ஹைவேல ஓட்டலாமா?”

வரலாற்றில் பெரிய மனிதர்கள் இரண்டு பக்கமும் படை சூழ நின்ற தருணங்கள் உண்டு. லியனார்ட் சாருக்கு அது டீக்கடையில் வாய்த்தது. லெட்சுமி ஓட்டினார் என்றால், சட்டம் சட்டம் என்று ஊரெல்லாம் முழங்கியவர் சட்டத்தை மீறியவராகிறார். தாம் ஓட்டினேன் என்றால், செராஸில் கோழிக்காலோடு முழங்கியவர் யாராகிறார்? எந்தக் கதவைத் திறந்தாலும் வாசலில் அவரே நின்று அவரை முறைத்தார். சர்க்கரைக் கிண்ணத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்தி வைத்தார்.

பெர்னடெட் அவரைப் பார்த்தார். ஓட்டையான மிதியடிகளைப் பல வருடம் பார்த்த கண் அது. பிறகு டீ டம்ளரை அவர் பக்கம் தள்ளினார்.

“ஆறிப் போவுது. குடிங்க.”

ரவாங் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாததுதான் சாருக்குக் கலக்கமாக இருந்தது.

தனேஷ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான். மூவரும் எழுந்து நின்றார்கள், ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்பவர்கள் போல.

“உக்காருங்க, உக்காருங்க. பொழைச்சுக்கிச்சு.”

லெட்சுமி அக்கா கைகூப்பினார். பெர்னடெட் சிலுவை போட்டுக்கொண்டார். சார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்.

“மூணு சிலிண்டர்லயும் அழுத்தம் நல்லா இருக்கு. வால்வு முட்டல. பெல்ட்டும் நகரல. இஞ்சினைத் தாங்குற ரப்பர் பிஞ்சு போச்சு, அவ்வளவுதான். அதான் இஞ்சின் ஆடி, பைப்பு அடியில இடிச்சு டங் டங்னு சத்தம். ரப்பர் மாத்திட்டா ஓடும். எண்ணெயையும் மாத்திட்டு, கொஞ்ச நாள் சத்தத்தைக் கவனிச்சுக்கிட்டே ஓட்டுங்க.” தனேஷ் சாரைப் பெருமையோடு பார்த்தான். “எப்படித் தப்பிச்சுது தெரியுமா? அந்த செகண்டே கிளட்ச் மிதிச்சிருக்கு. கொஞ்சம் விட்டிருந்தா போயிருக்கும். சார் காலு சார் காலுதான். அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு என்னா ஸ்பீடு!”

லெட்சுமி அக்கா டீக் கோப்பைக்குள் பார்வையை இறக்கிக்கொண்டார். சார் அப்படியே விட்டுவிடலாம். வொர்க்‌ஷாப்பே கைதட்டக் காத்திருந்தது. செய்யாத தவறு லெட்சுமி அக்காவின் கணக்கிலும், செய்யாத சாகசம் தம் கணக்கிலும் ஒரே நாளில் சேர்ந்துவிடும்.

“அது நான் இல்ல,” என்றார் லியனார்ட் சார்.

“என்ன சார்?”

“கிளட்ச். மிதிச்சது அவங்க. அந்தப் பக்கம் உக்காந்திருந்தது அவங்க.”

தனேஷ் தலையாட்டினான். “ஓ, அப்படியா. அக்கா அந்தப் பக்கம் உக்காந்திருந்தாங்களா. அப்போ இந்தப் பக்கம் கியரை…”

அதற்குமேல் அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. லோரியில் வழியெல்லாம் தான் பேசியது ஒவ்வொன்றாக அவன் முகத்தில் திரும்பி வந்தது. உரல். உலக்கை. “ரப்பர் இருக்கான்னு பாத்துட்டு வரேன் சார்,” என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினான். ரப்பர் இருக்கும் அலமாரி அந்தப் பக்கம் இல்லை. சிரிப்பதற்கு வசதியான இடம்தான் அந்தப் பக்கம் இருந்தது.

பெர்னடெட் கைப்பையை எடுத்துக்கொண்டார். “சரி, இஞ்சின் ஓடுதுல்ல? பேச்சு பேச்சுதான். நாளைக்கு வேலைக்குப் போங்க.” பிறகு லெட்சுமி அக்காவிடம், “வா லெட்சுமி, உன்னை வீட்டுல விட்டுட்டுப் போறேன். இவரு பின்னாடி உக்காரட்டும். முன்னாடி மிதியடி புதுசு,” என்றார்.

வெள்ளிக்கிழமை லெட்சுமி அக்கா டெஸ்டில் தேறினார். மேட்டில் பின்னுக்குப் போகவில்லை. தெரிந்தவர் யாரும் எதிரே வரவுமில்லை. சனிக்கிழமை காலை பாசாருக்கு வேன் அவர் கையில் வந்து சேர்ந்தது. சட்னி சட்னியாகவும், சாம்பார் சாம்பாராகவும் இறங்கின. மருமகன் பின்னால் உட்கார்ந்து தேங்காய் மூட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லோரிகள் ஓய்வெடுக்கும். துறைமுகத்துப் பக்கம் தொழிற்சாலைச் சாலை நீளமாக, ஆளில்லாமல் கிடக்கும். அங்கே அந்த வெள்ளைக் கார் ஓரமாக நின்றது. இஞ்சின் சுத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. டங் இல்லை, டக் இல்லை. முன்னாலும் பின்னாலும் எல் போர்டு. அதைக் கழற்றிவிடலாமே என்று லெட்சுமி அக்கா சொல்லிப் பார்த்தார். “இருக்கட்டும். சட்டம்னா சட்டம்,” என்று பதில் வந்தது.

இடப்பக்கம் லெட்சுமி அக்கா. மடியில் ஒரு முறுக்குப் பொட்டலம், காலடியில் கிளட்ச். வலப்பக்கம் லியனார்ட் சார், இரண்டு கையும் ஸ்டியரிங்கில், நேரே பார்த்தபடி.

கார் கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று. சாரின் இடது கை கியர் மேல் வந்து, அங்கேயே கொஞ்சம் தயங்கியது. மாமியார் வீட்டு வாசலில் நிற்பது போல.

“உங்க பக்கம் சார்,” என்றார் லெட்சுமி அக்கா. “தள்ளாதீங்க. உங்க பக்கமா அணைச்சு இழுங்க.”

“சரிம்மா,” என்றார் லியனார்ட் சார்.